மந்திரத்தால் விளைந்த தீங்கும் மனிதன் ஏற்கும் பொறுப்பும்

செஞ்சிக் கோட்டையைக் காண வருவோர் பலர். அங்கிருந்து தளவானூர் வரை சென்று மீள்வோர் மிகச் சிலரே. ஆயினும் பல்லவர் கலையைப் பயில விழைவோர்க்குத் தளவானூர்க் குன்று ஒரு பாடநூல் எனலாம். ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஆண்ட முதலாம் மகேந்திரவர்மன் அக்குன்றின் தென்முகத்தைக் குடைந்து ஒரு கோயில் அமைத்தான். தன் விருதுப் பெயர்களுள் ஒன்றாகிய சத்ருமல்லன் என்பதை இட்டு, அதனைச் சத்ருமல்லேசுவரம் என வழங்கச் செய்தான். முகப்பிலே மகர தோரணமும், இருபுறமும் வாயிற்காவலர் உருவங்களும், தமிழ்ப் பாடற் கல்வெட்டும் அங்கே உள்ளன.

நம் மாணவர்களை அழைத்துக்கொண்டு அங்குச் சென்றிருந்தபோது, அக்குகையின் நிழலில் அமர்ந்து மகேந்திரனின் நகைச்சுவையுணர்வு பற்றிக் கூறிக்கொண்டிருந்தோம். மாமண்டூர்க் குகைக் கல்வெட்டில் மத்தவிலாசம், பகவதஜ்ஜுகம் என்னும் இரு நகை நாடகங்களின் பெயர்கள் காணப்படுகின்றன. முன்னது மகேந்திரன் இயற்றியது என்பதில் ஐயமில்லை. பின்னதை அவனுக்கு உரிமையாக்குவாரும் உளர். போதாயனர் என்பவர்க்கு உரிமையாக்குவாரும் உளர். அந்நாடகத்தில் யமதூதன் வசந்தசேனை என்னும் கணிகையின் உயிரைக் கவர்ந்து செல்கிறான். துறவி ஒருவர் தம் மாணவனுக்கு யோகத்தின் ஆற்றலைக் காட்ட விரும்பி, உயிரற்றுக் கிடந்த அவளுடலில் புகுந்துவிடுகிறார். தான் கொண்டுவந்திருக்க வேண்டியது அதே பெயருடைய வேறொருத்தியின் உயிர் என்று பிறகே அறிந்த யமதூதன், பிழையைத் திருத்த ஓடி வருகிறான். அவளுடலில் இடமில்லை, எனவே அவளுயிரைத் துறவியின் உடலிலே வைத்துவிடுகிறான். கணிகை வேதாந்தம் பேசவும் துறவி காதல் மொழி பேசவும், பார்ப்போர் வயிறு குலுங்க நகைப்பர்.

மாணவர்களும் நகைத்தனர். ஆனால் ஒருவர் மட்டும் நகைக்கவில்லை. நகைப்பு அடங்கியபின் அவர் எழுந்து, "ஐயா, யமதூதன் செய்த பிழைக்கு வழக்குத் தொடுக்க முடியாது, சரி. ஆனால் மனிதர் ஒருவர் சூனியம் வைத்து இன்னொருவரை நோயில் வீழ்த்தினால், அவரைச் சட்டம் தண்டிக்குமா?" என்று வினவினார். அவ்வினா ஏன் எழுந்தது என்பதைத் தனியே அழைத்துக் கேட்டோம். அவர்தம் தங்கைக்கு அடிக்கடி வலிப்பு வருகிறதாம். தெருக்கோடியில் தனித்து வாழும் முதியவள் ஒருத்தியே செய்வினை செய்துவிட்டாள் என்று மந்திரவாதி ஒருவர் கூறிவிட்டாராம். அன்று முதல் அம்முதியவள் வீட்டு வாசலில் ஊரார் நின்று ஏசுவதும், இரவில் கூரை மீது கல் விழுவதும் வாடிக்கையாகிவிட்டன என்றார்.

அன்று அம்மாணவர்க்கு நாம் அளித்த விடை சுருக்கமானது. அதனை விரித்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காப்பியம் காட்டும் நீதி

தமிழ் மாணவர்க்கு இவ்வினாவின் விடை தேடப் பிற நாடு செல்ல வேண்டுவதில்லை. சிலப்பதிகாரமே போதும்.

கோவலன் எங்ஙனம் கொலையுண்டான்? பொற்கொல்லன் சொல் கேட்டு வந்த காவலர், கோவலனைக் கண்டதும் தயங்கினர். இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்றனர். சான்று இல்லை என்பதை அவர்தம் கண்களே உணர்ந்துவிட்டன. அப்போது பொற்கொல்லன் என்ன செய்தான்? சான்றுக்கு மாற்றாக மந்திரத்தைக் கொணர்ந்தான். கள்வர்க்கு மந்திரமும் தெய்வமும் மருந்தும் நிமித்தமும் முதலாக எட்டுத் துணைகள் உண்டு என்று கூறி, அவ்வொவ்வொன்றின் ஆற்றலையும் விரித்தான். காணாமல் மறைவதும், கண்டாரை மயக்குவதும் அவர்க்கு எளிது என்று அஞ்சச் செய்தான். காவலருள் ஒருவன் கள்வனைப் பற்றித் தானறிந்த கதையொன்றைச் சொல்லி அவ்வச்சத்தை மேலும் வளர்த்தான். முடிவில், ஆராயும் அறிவற்ற ஒருவனது வாள் கோவலன் மீது பாய்ந்தது.

இளங்கோவடிகள் இங்குக் காட்டும் உண்மை கூர்ந்து நோக்கத்தக்கது. சான்று இல்லாத இடத்தில்தான் மந்திரம் பேசப்படுகிறது. 'அவன் குற்றம் செய்ததற்கு அடையாளம் ஒன்றும் இல்லையே' என்னும் கேள்விக்கு, 'அடையாளம் இல்லாமையே அவன் மந்திரவாதி என்பதற்கு அடையாளம்' என்னும் விடை வந்துவிடுகிறது. இத்தகைய குற்றச்சாட்டிலிருந்து மீள எவராலும் இயலாது.

காப்பியத்தின் பிற்பகுதியில் மற்றொரு நுட்பம் உண்டு. மதுரை எரிந்தபின் மதுராபதித் தெய்வம் கண்ணகியின் முன் தோன்றி, முற்பிறப்பில் கோவலன் பரதன் என்னும் பெயரினனாய் இருந்தபோது சங்கமன் என்பானைக் கொல்லக் காரணமாயினன் என்றும், அவன் மனைவி நீலி இட்ட சாபமே இப்பிறப்பில் பலித்தது என்றும் கூறுகிறது. அவ்வாறாயின் கோவலன் இறப்புக்குக் காரணம் சாபமே அன்றோ? பாண்டியன் மீது பழி உண்டோ? ஆனால் பாண்டியன் எந்தச் சாபத்தையும் ஊழையும் துணைக்கு அழைக்கவில்லை. சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த அக்கணமே, தான் அரசனல்லன், தானே கள்வன் என்று ஒப்பி, அரியணையிலிருந்து வீழ்ந்து உயிர் நீத்தான். விண்ணில் காரணம் எதுவாயினும், மண்ணில் ஆணையிட்டவன் தானே என்பதை அவன் அறிந்திருந்தான். காரணம் வேறு, பொறுப்பு வேறு என்னும் இவ்வேறுபாடே நம் ஆய்வின் திறவுகோல்.

யூதச் சட்டத்தில்

இதே வேறுபாட்டை யூதச் சட்ட அறிஞர்கள் பல நூற்றாண்டுகளாக ஆராய்ந்துள்ளனர். நம் கல்லூரி மாணவர்க்கு யூதர் சட்டம் எதற்கு எனச் சிலர் கேட்கலாம். மூஸா நபி அவர்களுக்கு அருளப்பெற்ற தவ்ராத்தை அடியாகக் கொண்ட சட்ட மரபு அது. நம் பிக்ஹு நூல்கள் எழுப்பும் வினாக்களையே அதுவும் எழுப்புகிறது. இரண்டையும் அருகருகே வைத்துக் கற்பது அறிவுக்கு விருந்தாகும்.

தவ்ராத்தில் சூனியம் கடுங்குற்றமாகும். எனினும் கி.பி. 200ஐ ஒட்டித் தொகுக்கப்பெற்ற மிஷ்னா என்னும் சட்டத் தொகுப்பு, அக்குற்றத்தின் எல்லையை மிகக் குறுக்கிவிட்டது. செயல் புரிந்தவனே குற்றவாளி. கண்ணை மயக்கியவன் குற்றவாளியல்லன் என்பது அதன் விதி. இதனை விளக்க ரப்பி அகீவா, தம் ஆசிரியர் பெயரால் ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறார். இருவர் மந்திரத்தால் வெள்ளரிக்காய் பறிக்கின்றனர். ஒருவர் உண்மையாகவே பறித்தார். மற்றவர் பறித்ததுபோல் தோன்றச் செய்தார். முன்னவர் தண்டனைக்குரியவர், பின்னவர் அல்லர். எளிய வெள்ளரிக்காயைக் கொண்டு, தோற்றத்திற்கும் நிகழ்வுக்கும் இடையே கோடு கிழித்துவிட்டனர் அப்பெரியோர்.

இனி, மந்திரத்தால் ஒருவர்க்குச் சேதம் விளைந்தால் ஈடு செலுத்த வேண்டுமா? இங்கு 'கிராமா' என்னும் கோட்பாடு எழுகிறது. நேரடியாகச் செய்யாமல், வேறொன்றின் வழியாகத் தீங்கு விளையக் காரணமாதலை அச்சொல் குறிக்கும். மிஷ்னா கூறும் எடுத்துக்காட்டு இது: ஒருவர் பகுத்தறிவில்லாத ஒருவனிடமோ சிறுவனிடமோ தீயைக் கொடுத்தனுப்ப, அதனால் பிறர் உடைமை எரிகிறது. அனுப்பியவர் மனிதர் மன்றத்தில் ஈடு செலுத்த வேண்டுவதில்லை. ஆயின் வானுலக மன்றத்தில் அவர் பொறுப்பாளியே. ஒரே செயலுக்கு இரு மன்றங்கள்! கீழ்மன்றம் சான்றை நோக்கும். மேல்மன்றம் நெஞ்சை நோக்கும்.

மந்திரம் கிராமாவா, நேர்ச்செயலா? பதினேழாம் நூற்றாண்டில் ஜெருசலேமில் கற்பித்த ரப்பி யாக்கோபு ஹாகிஸ் அது நேர்ச்செயலே என்றார். வில்லிலிருந்து அம்பு எய்தவன், அம்பு தன் கையை விட்டு நீங்கிற்று என்று தப்ப முடியாது. அதுபோல் இறைவனின் திருப்பெயரையோ மந்திரத்தையோ உச்சரித்துக் கொன்றவனும் தன் வாயிலிருந்து அம்பை எய்தவனே என்பது அவர் வாதம். சொல்லைச் செயலாகக் கொள்ளலாமா என்பது இதில் அடங்கிய பெருவினா. 'தீயினாற் சுட்ட புண்' பற்றிய குறளைக் கற்ற நமக்கு அவ்வினா புதிதன்று.

இவ்வாதங்களின் அடித்தளத்தையே அசைத்தவர் ஒருவர் உண்டு. அவர் எகிப்தில் அய்யூபி அரசவையின் மருத்துவராக விளங்கியவரும், அரபு மொழியில் பல நூல்களை யாத்தவருமாகிய மைமோனிடீஸ் (1138–1204). சூனியம், நிமித்தம், மந்திரம் ஆகிய அனைத்தும் பொய். அறிவுடையோர் அவற்றில் உண்மை இருப்பதாகவே எண்ணலாகாது. எனினும் அவற்றில் ஈடுபடுதல் தடுக்கப்பட்டதே என்று தம் பெருஞ்சட்ட நூலில் எழுதினார். நாள்தோறும் நோயாளிகளைக் கண்ட மருத்துவர் ஒருவர் இதனை எழுதினார் என்பது நினைவில் நிறுத்தத்தக்கது.

இஸ்லாமியச் சட்டத்தில்

இஸ்லாத்தில் சிஹ்ரு என்னும் சூனியம் பெரும்பாவங்களுள் ஒன்று. அதனைக் கற்போர் இறைவன் நாட்டமின்றி எவர்க்கும் தீங்கிழைக்க இயலாது என்பதை ஹாரூத், மாரூத் பற்றிய திருமறை வசனம் தெளிவுறுத்துகிறது. இது நம்பிக்கை பற்றியது. சட்டம் கேட்பது வேறு: ஒருவர் இறந்தார், சூனியத்தால் இறந்தார் என்கின்றனர், காழி என்ன செய்வார்?

கி.பி. 820இல் மறைந்த இமாம் ஷாஃபிஈ அவர்களின் மத்ஹபு இதற்கு வியக்கத்தக்க தெளிவுடன் விடை கூறுகிறது. சூனியத்தால் கொன்றார் என்பது சாட்சிகளால் நிறுவப்படாது. ஏன்? சாட்சி சொல்வோர் கண்டதை உரைக்க வேண்டும்; சூனியக்காரனின் எண்ணத்தையும், அவன் செயல் மற்றவர் உடலில் பாய்ந்ததையும் எவர் கண்டார்? எனவே அவனே ஒப்புதல் அளித்தாலன்றி வழக்கு நில்லாது. ஒப்புதலிலும் தரம் பிரிக்கின்றனர். 'என் வித்தை பெரும்பாலும் கொல்லவல்லது. அதனை வேண்டுமென்றே அவர் மீது ஏவினேன்' என்றால் பழிக்குப் பழி. 'அது சில வேளை கொல்லும், சில வேளை கொல்லாது' என்றால் திய்யத் என்னும் இரத்த ஈட்டுத்தொகை. 'வேறொருவர்க்கு ஏவினேன், பெயர் மாறி இவர் மீது பட்டது' என்றால் அது தவறுதலாய் நேர்ந்த கொலை, அதற்கும் திய்யத்து உண்டு. பெயர் மாறிய யமதூதனின் வழக்கு ஈண்டு நினைவுக்கு வரும்!

கண்ணேறு பற்றியும் இதே ஆராய்ச்சி உண்டு. கண்ணேறு உண்மை என்பது நபிமொழி. ஆயின் ஒருவர் கண்பட்டு மற்றவர் இறந்தால்? இமாம் நவவி (1233–1277) அவர்கள், அதற்குப் பழிவாங்கலும் இல்லை, ஈட்டுத்தொகையும் இல்லை, பரிகாரமும் இல்லை என்றார். வரையறுக்கத்தக்கதும் பொதுவானதுமாகிய ஒன்றின் மீதே சட்டம் நிற்க முடியும். சிலர்க்குச் சில வேளை நேர்வதாகக் கூறப்படுவதன் மீது நிற்க முடியாது என்பதே கருத்து. மாலிகி மரபைச் சேர்ந்த குர்துபி அவர்களோ, கண்ணேறால் அழிந்த பொருளுக்குக் கண்பட்டவர் ஈடு தர வேண்டும். அது அவரிடம் மீண்டும் மீண்டும் நிகழ்ந்து வழக்கமாகிவிட்டிருந்தால் கொலைப் பொறுப்பும் உண்டு என்றார். ஹாகிஸ் ஒருபுறமும் கிராமாக் கோட்பாடு மறுபுறமும் நிற்பதுபோலவே, குர்துபி ஒருபுறமும் நவவி மறுபுறமும் நிற்கக் காண்கிறோம்.

இங்கு நாம் உணர வேண்டியது யாது? இப்பெரியோர் மறைவானவற்றை மறுத்தவர்கள் அல்லர். நம்மினும் மிகுதியாக நம்பியவர்கள். அவ்வாறு நம்பியவர்களே, 'இன்னார் சூனியம் வைத்தார்' என்று ஊரார் கூறுவதையும் மந்திரவாதி கூறுவதையும் சான்றாக ஏற்க மறுத்துவிட்டனர். நம்பிக்கை ஒன்று, அயலார் மீது பழி சுமத்தும் உரிமை மற்றொன்று.

இந்நாட்டுச் சட்டத்தில்

இங்கிலாந்து நாடு தன் பழைய சட்டங்களின்படி சூனியக்காரிகள் எனப் பட்டோரைத் தூக்கிலிட்டு வந்தது. 1735ஆம் ஆண்டுச் சட்டம் அதனைத் தலைகீழாக மாற்றிற்று. அதன்பின் சூனியம் செய்தல் குற்றமன்று. தனக்கு அவ்வாற்றல் உண்டென்று கூறிப் பிறரை ஏய்த்தலே குற்றமாயிற்று.

அந்த நோக்கே 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் காணப்படுகிறது. மந்திரத்தால் கொலை என்றொரு குற்றத்தை அச்சட்டம் அறியாது. ஆனால் அதன் 508ஆம் பிரிவு, தெய்வத்தின் சினத்துக்கு ஆளாவாய் என்று ஒருவரை நம்பவைத்து அவரைத் தன் விருப்பப்படி நடக்கச் செய்தலைக் குற்றமாக்கிற்று. ஒருவர் வாசலில் தர்ணா அமர்ந்து அவர்க்குத் தெய்வ சினம் நேருமென அஞ்சச் செய்வதை அப்பிரிவே எடுத்துக்காட்டாகத் தருகிறது. 2024 சூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 354ஆம் பிரிவாக நிலைபெற்றுள்ளது. ஓராண்டு வரை சிறை, அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். தாயத்து எழுதவும் செய்வினை எடுக்கவும் பொய் சொல்லிப் பொருள் பறிப்போர் மீது மோசடிக் குற்றமும் சாரும்.

இதன் மறுபக்கத்தைக் காட்டும் வழக்கொன்று ஒரிசாவில் நிகழ்ந்தது. 1958 மே மாதத்தில், பாலசோர் மாவட்டத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த விமானதளம் ஒன்றில், இரவில் விளக்கொளி அசையக் கண்ட நேபாளப் பணியாள் ஒருவர், பேய்கள் நடமாடுகின்றன என்று எண்ணிக் கத்தியுடன் பாய்ந்தார். அங்கிருந்தோர் இலுப்பைப் பூப் பொறுக்க வந்த பழங்குடிப் பெண்கள். ஒருத்தி இறந்தாள், இருவர் காயமுற்றனர். நல்லெண்ணத்தில் நிகழ்ந்த பொருண்மைத் தவறு எனக் கொண்டு உயர்நீதிமன்றம் 1959இல் அவரது விடுதலையை உறுதிசெய்தது. ஆனால், பட்டப்பகலில் தான் நன்கறிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணைச் சூனியக்காரி எனக் கருதித் தாக்குவோர்க்கு இவ்விலக்குப் பொருந்தாது. மனிதரை மனிதரென்று அறியாமல் வெட்டியது வேறு. அறிந்தே வெட்டுவது வேறு.

அவ்வாறு அறிந்தே செய்யும் கொடுமை பெருகியமையால் பீகார் மாநிலம் 1999இலும், ஜார்க்கண்ட் 2001இலும், சத்தீஸ்கர் 2005இலும், ஒடிசா 2013இலும் தனிச்சட்டங்கள் இயற்றின. மகாராஷ்டிரத்தில் மூடநம்பிக்கை ஒழிப்பாளர் நரேந்திர தபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 அன்று சுட்டுக் கொல்லப்பட்டபின், அவர் நெடுங்காலம் போராடி வந்த சட்டம் அவ்வாண்டே நிறைவேறிற்று. இச்சட்டங்களில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் சூனியக்காரி எனப்பட்டவர் அல்லர். அவ்வாறு பெயர் சூட்டியவரே.

ஏர்வாடி கற்பித்த பாடம்

இவ்வளவும் வடநாட்டுச் செய்தி என்று நாம் அமைதி கொள்ள இயலாது. இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியை நம்மில் அறியாதார் இலர். மனநோயுற்றோரை ஜின் பிடித்தவர், செய்வினைக்கு ஆளானவர் என்று கருதிப் பல சமயத்தவரும் அங்கு அழைத்து வருவது நெடுங்கால வழக்கம். தர்காவைச் சூழ்ந்து தனியார் பலர் காப்பகங்கள் நடத்தினர். உறவினர் பணம் கட்டிவிட்டுச் செல்வர். நோயாளர் சங்கிலியில் பிணைக்கப்படுவர். 2001 ஆகஸ்ட் 6 அன்று விடியற்காலையில் அத்தகைய காப்பகம் ஒன்றின் கீற்றுக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓட இயலாமல் 28 உயிர்கள் கருகின.

அவர்களைக் கொன்றது எது? ஜின்னா, சூனியமா? இல்லை. பூட்டிய சங்கிலி, கீற்றுக் கூரை, உரிமம் வேண்டும் என்று 1987ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் கூறியிருந்தும் கேளாதிருந்த நடத்துநர், பார்த்தும் பாராதிருந்த கண்கள், கொண்டுவந்து விட்டுச் சென்ற நம் கால்கள். கண்ணுக்குத் தெரியாத கையை நாம் தேடிக்கொண்டிருந்தபோது, கண்ணுக்குத் தெரிந்த கைகள் அத்தீங்கைச் செய்துவிட்டன.

அதன்பின் அத்தகைய காப்பகங்கள் மூடப்பட்டன. உச்சநீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டு, நோயாளரைச் சங்கிலியிடல் சட்டத்துக்குப் புறம்பானது என்பதையும், அவர்களை மருத்துவரிடமே அழைத்துச் செல்ல வேண்டும் என்பதையும் மக்களிடையே பரப்புமாறு பணித்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடலாகாது என 95ஆம் பிரிவில் தெளிவாக விலக்கிவிட்டது. குஜராத்தின் மீரா தாதார் தர்காவிலும், பின்னர் ஏர்வாடியிலும், மருந்தும் துஆவும் இணைந்து செல்லும் திட்டம் தோன்றியது. துஆச் செய்வோர் தம் இடத்தில் இருப்பர். மருத்துவர் தம் இடத்தில் இருப்பர். நோயாளர் இருவரிடமும் செல்லலாம். சங்கிலிக்கு மட்டும் அங்கு இடமில்லை.

நிறைவாக

தளவானூரில் நம்மிடம் வினவிய மாணவர்க்கு இப்போது முழுமையாக விடை கூறலாம். உன் தங்கைக்கு வலிப்பு வரக் காரணம் அம்முதியவள் என்பதற்கு நம் நாட்டுச் சட்டத்தில் வழக்கில்லை. ஷாஃபிஈ காழியின் மன்றத்திலும் அவள் ஒப்பினாலன்றி வழக்கில்லை. மாறாக, அவள் கூரை மீது எறியப்பட்ட ஒவ்வொரு கல்லுக்கும் எல்லா மன்றங்களிலும் வழக்கு உண்டு. கல்லை எறிந்த கை தெரிகிறது. எறியத் தூண்டிய வாயும் தெரிகிறது. மறைவானதை அறிந்தவன் இறைவன். அவனுடைய மன்றத்துக்கு உரியதை நாம் நம் தெருவில் விசாரிக்கலாகாது.

அம்மாணவர் தம் தங்கையை அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். நாள்தோறும் தவறாமல் உட்கொள்ள வேண்டிய மாத்திரைகளை அங்கே எழுதித் தந்தனர். வலிப்பு முற்றும் நின்றுவிட்டது என்று கூறிவிட முடியாது, குறைந்திருக்கிறது என்றார். அவருடைய தாயார் இன்னும் ஓதிப் பார்க்கிறாராம். அதனை நாம் தடுக்கவில்லை. ஆனால் ஒரு மாலைப் பொழுதில் அவரே அம்முதியவள் வீட்டுக் கூரையில் ஏறி, உடைந்த ஓடுகளை மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தார். காப்பியத்துப் பாண்டியன் உயிர் கொடுத்துத் தீர்த்த பொறுப்பை, நம் மாணவர் நான்கு ஓடுகளைக் கொண்டு தீர்க்கத் தொடங்கினார். அரசனுக்கு அது காலங்கடந்து தோன்றிற்று. நமக்கு இன்னும் காலம் இருக்கிறது.